இரண்டரை வயதையும் 6 வயதையும் ஒன்றாகக் கூட்டிக்கொண்டு பிளே கஃபேக்குப் போவது எப்படி?

கேள்வி: சென்னையில் இருக்கிறோம். மகளுக்கு இரண்டரை வயது, மகனுக்கு 6. வரும் ஞாயிற்றுக்கிழமை, குழந்தைகள் விளையாட இடம் உள்ள ஒரு கஃபேக்கு முதல் முறையாகக் கூட்டிப்போகலாம் என்றிருக்கிறோம். எந்த மாதிரி இடமாகப் பார்க்க வேண்டும், எவ்வளவு செலவாகும், எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

பதில்:

சிக்கல் உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. இரண்டரைக்கும் ஆறுக்கும் ஒரே விளையாட்டு இடம் ஒத்துவராது. பெரியவன் ஏறிக் குதித்துக் கூச்சல் போட்டு ஓடுகிற இடத்தில் சின்னவள் இடிபட்டு விழுவாள். அவளுக்குத் தோதான ஸ்பாஞ்ச் கட்டைகளும் குட்டிச் சறுக்குமரமும் மட்டும் இருந்தால், அவன் இருபதாவது நிமிடத்தில் "போர் அடிக்குதும்மா" என்று வந்து நிற்பான். ஆகவே நீங்கள் தேட வேண்டியது பொடிசுகளுக்குத் தனியாகத் தடுத்த பகுதி, அதையொட்டியே பெரிய பிள்ளைகளுக்கான பகுதி, இரண்டும் ஒரே மேசையிலிருந்து பார்வையில் படுகிற அமைப்பு. இந்த மூன்றும் சேர்ந்த கடை கிடைத்தால், பாஸ்தா சுமாராக இருந்தாலும் அங்கேயே போங்கள்.

"கிட்ஸ் ஃபிரெண்ட்லி" என்று போர்டு வைத்திருப்பவை எல்லாம் ஒரே ரகம் இல்லை. சில இடங்கள் சாதாரண கஃபேதான்: மூலையில் ஒரு பாய், நாலு பொம்மை, ஒரு பிளாஸ்டிக் சறுக்குமரம். கட்டணம் கிடையாது, பார்த்துக்கொள்ள ஆளும் கிடையாது. காபி ஆறுவதற்குள் பிள்ளைகளுக்கு அலுத்துவிடும். அடுத்தது பிளே கஃபே: மணிக்கணக்கில் கட்டணம், உள்ளே ஊழியர்கள், சாக்ஸ் கட்டாயம், பெற்றோருக்கு மேசையும் சாப்பாடும். மால்களுக்குள் இருக்கும் பெரிய உள்ளரங்குகள் இன்னொரு ரகம். இரண்டு மூன்று தட்டு உயரத்துக்கு வலைக்கூண்டு, குதித்து விளையாடும் டிராம்போலின், பாட்டுச் சத்தம். சாப்பாட்டுக்கு ஃபுட் கோர்ட். கடைசியாக, நுங்கம்பாக்கம், ஆழ்வார்பேட்டை, அடையாறு பக்கம் பழைய பங்களாக்களில் நடக்கும் முற்றத்து கஃபேக்கள், ஈசிஆர் தோட்டத்து கஃபேக்கள். ஊஞ்சல், மணல்குழி, மர நிழல். ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் இவற்றுக்கு ஈடு இல்லை. ஏப்ரல், மே என்றால் காலை 10 மணிக்கே சறுக்குமரம் சுடும். புறங்கையை வைத்துப் பார்த்த பிறகுதான் பிள்ளையை உட்கார வைக்க வேண்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழையும் கொசுவும்.

உங்களுக்கு இரண்டாவது ரகம். மால் அரங்கு மகனுக்குப் பிடிக்கும், மகளுக்கு அந்தச் சத்தமே அழுகையைக் கொண்டுவரும். இன்னும் ஒன்றரை வருடம் அதைத் தள்ளிப் போடலாம்.

சனிக்கிழமை மாலையே கடைக்குப் போன் போடுங்கள். இன்ஸ்டாகிராம் படங்களை நம்பிப் போகாதீர்கள். அவை திறப்பு விழா வாரத்தில், ஒரு குழந்தைகூட இல்லாத நேரத்தில் எடுத்தவையாக இருக்கும். முதல் கேள்வி: "நாளைக்கு பர்த்டே பார்ட்டி புக்கிங் இருக்கா, எத்தனை மணிக்கு?" பார்ட்டி என்றால் இருபது முப்பது பிள்ளைகள், ஸ்பீக்கர், பாதி இடம் திரை போட்டு மறைப்பு, அடுப்படி முழுக்க அவர்களுக்கான வேலை. அன்றைக்கும் உங்களிடம் முழுக் கட்டணம்தான் வாங்குவார்கள். பிறகு, சின்னக் குழந்தைகளுக்குத் தனி ஏரியா இருக்கிறதா, எத்தனை வயது வரை விடுவார்கள், சூடான சாப்பாடு எத்தனை மணிக்குத் தொடங்கும், கூட வரும் பெரியவர்களுக்குத் தனிக் காசா, குழந்தைக்கு வீட்டுச் சாப்பாடு கொண்டுவரலாமா, கழிப்பறை அதே தளத்தில் இருக்கிறதா என்று கேளுங்கள். "வாங்க மேடம், எல்லாம் இருக்கு" என்று மட்டும் பதில் வந்தால் வேறு கடை பாருங்கள். நல்ல கடைக்காரர் வயது வரம்பைத் தயங்காமல் சொல்வார்.

நேரம். ஞாயிறு மாலை நாலரைக்கு மேல் போகவே வேண்டாம். கூட்டம், பார்ட்டி, மதியம் தூங்காத பிள்ளைகள் எல்லாம் ஒன்று சேரும் நேரம் அது. கடை திறக்கும்போதே, பெரும்பாலும் 10 அல்லது பத்தரைக்கு, உள்ளே நுழைந்துவிடுங்கள். பந்துகளும் பாய்களும் துடைத்த மேனிக்கு இருக்கும், வசதியான மேசையும் கிடைக்கும். வீட்டிலேயே இரண்டு இட்லியாவது கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள். பசியோடு வந்த குழந்தை விளையாடாது, பிரெஞ்ச் ஃப்ரைஸ் கேட்டுத்தான் அழும். 12 மணிக்குச் சாப்பாடு, பன்னிரண்டே முக்காலுக்குக் கிளம்பினால் மகளின் மதியத் தூக்கம் வண்டியிலேயே தொடங்கிவிடும். அதற்கு மேல் இழுத்தால் வாசலில் உருண்டு அழுவாள், அது அவள் தப்பில்லை.

செலவுக் கணக்கு போர்டில் இருப்பதைவிட எப்போதும் கூடுதலாகத்தான் வரும். உதாரணத்துக்கு, குழந்தைக்கு மணிக்கு 400 ரூபாய் என்று எழுதியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பேருக்கு 800. விளையாட்டு நுழைவுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம், அது 144. ஆக 944. சாக்ஸ் மறந்துவிட்டீர்கள் என்றால் ஜோடி 60 வீதம் நாலு பேருக்கு 240. (உள்ளே வரும் பெரியவர்களுக்கும் சாக்ஸ் கட்டாயம். பிள்ளைகளுக்கு எடுத்து வைக்கிறவர்கள் தங்களுக்கு எடுத்து வைக்க மறப்பார்கள், அங்கேதான் கடைக்கு வியாபாரம்.) சாப்பாடு 1,200, அதற்கு 5 சதவீத வரி 60. மொத்தம் 2,444. "நானூறு ரூபாய் கஃபே" இப்படித்தான் இரண்டாயிரத்து நானூறு ஆகிறது. 400 என்பது வரி சேர்த்தா சேர்க்காமலா, நேரம் எப்போதிலிருந்து எண்ணப்படும், சாப்பிடும் நேரமும் அதில் சேருமா, நேரம் தாண்டினால் பத்து நிமிடச் சலுகை உண்டா அல்லது நேரடியாக அரை மணிக் கட்டணமா என்பதைப் பணம் கட்டுவதற்கு முன்பே தெளிவாக்கிக்கொள்ளுங்கள். முதல் முறை விளையாட்டுக்கு ஒரு மணி நேரம் போதும். "அன்லிமிடெட்" வாங்கினால், காசு வீணாகிவிடுமே என்று களைத்த பிள்ளையை நீங்களே திரும்ப உள்ளே அனுப்புவீர்கள். ரீசார்ஜ் கார்டு கொடுக்கும் இடங்களில் மிச்சப் பணம் திரும்ப வராது என்று சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள். குறைந்தபட்சத் தொகைக்கு மேல் ஏற்ற வேண்டாம்.

பில்லில் சர்வீஸ் சார்ஜ் தானாகச் சேர்ந்திருந்தால் எடுக்கச் சொல்லலாம். கேட்காமல் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் கொடுத்தது, டெல்லி உயர் நீதிமன்றமும் 2025 மார்ச்சில் அதை உறுதி செய்தது. மறுத்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. அதே பில்லில் 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ எண் (உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் உரிம எண்) இருக்கிறதா என்றும் பாருங்கள், 2022 ஜனவரியிலிருந்து அது கட்டாயம்.

உள்ளே நுழைந்ததும் பிள்ளைகளை உடனே அவிழ்த்து விட்டுவிடாதீர்கள். ஒருவர் அவர்களுக்குச் சாக்ஸ் மாட்டுகிற ஐந்து நிமிடத்தில் இன்னொருவர் இடத்தைச் சுற்றி வரட்டும். முதலில் வாசல்கள். வெளியேற எத்தனை வழி? இரண்டாவது வழி பூட்டியிருக்கிறதா, அட்டைப்பெட்டி அடுக்கியிருக்கிறதா? 2024 மே 25 அன்று குஜராத்தின் ராஜ்கோட்டில் ஒரு விளையாட்டு அரங்கம் எரிந்து குழந்தைகள் உட்பட 27 பேர் இறந்தார்கள். தீயணைப்புத் துறையின் தடையில்லாச் சான்று இல்லை, உள்ளே வெல்டிங் வேலை நடந்துகொண்டிருந்தது. ஸ்பாஞ்ச், ரெக்சின், நைலான் வலை எல்லாம் நொடியில் பற்றிக்கொண்டு கரும்புகை கக்கும் சாமான்கள். இரண்டாவது வழி இல்லாத மாடி, வெல்டிங் அல்லது மின்சார வேலை நடக்கிற அரங்கம், இரண்டில் எது இருந்தாலும் கட்டிய பணம் போனாலும் பரவாயில்லை, திரும்பிவிடுங்கள்.

அடுத்து பொடிசுகள் பகுதியின் கதவு. தாழ்ப்பாள் குழந்தைக்கு எட்டாத உயரத்தில், வெளிப்பக்கமாக இருக்க வேண்டும். பல இடங்களில் கதவு அழகாக இருக்கும், தாழ்ப்பாள் தளர்ந்து தானாகத் திறந்துகொள்ளும். கடையின் வாசல் கதவு தள்ளினால் தெருவா, இடையில் இன்னொரு கதவு உண்டா என்பதையும் பாருங்கள். இரண்டரை வயதுக்காரிக்கு, விழுவதைவிட வெளியே நழுவுவதுதான் பெரிய ஆபத்து. நுழைவிலேயே இரண்டு பேரையும் அன்றைய உடுப்போடு ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். காணோம் என்று பதறும் நேரத்தில் "என்ன கலர் சட்டை?" என்று கேட்டால் யாருக்கும் வாயில் வராது. மகளின் முன்கையில் பால்பாயிண்ட் பேனாவால் உங்கள் எண்ணை எழுதுங்கள்.

பிறகு குனிந்து, குழந்தை உயரத்தில் பாருங்கள். இரும்புக் குழாய்களைச் சுற்றிய ஸ்பாஞ்சும் வலையும் கேபிள் டை என்ற பிளாஸ்டிக் பட்டை போட்டுக் கட்டியிருக்கும். அதன் வெட்டிய முனை உள்பக்கம் நீட்டிக்கொண்டிருந்தால் பிளேடு மாதிரி கீறும். குழந்தையின் கண் சரியாக அந்த உயரத்தில்தான் போகும். ரெக்சின் கிழிந்து உள்ளே ஸ்பாஞ்ச் தெரிகிறதா? பிய்த்து வாயில் போடுவார்கள். கம்பி இடைவெளிகளில் 9 சென்டிமீட்டருக்கும் 23 சென்டிமீட்டருக்கும் இடைப்பட்டவை மோசமானவை: உடம்பு கால் வழியாக நுழைந்துவிடும், தலை மாட்டிக்கொள்ளும். பெரியவர் உள்ளங்கையின் அகலம் ஏறக்குறைய 9 சென்டிமீட்டர். உங்கள் கை தாராளமாகப் போய், மகளின் தலை போகாத இடைவெளி இருந்தால் அந்தப் பக்கம் அவளை விடாதீர்கள்.

போர்டில் "பால் பூல்" என்று எழுதியிருக்கும் பந்துத் தொட்டியை மேலாகப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. கையை முழங்கை வரை விட்டு அடித்தரையைத் தொடுங்கள், அதுவும் மூலையில். பிசுபிசுப்பு, மணல், பிஸ்கட் துண்டு, யாரோ விட்டுப்போன ஒற்றைச் சாக்ஸ் என்று எது தட்டுப்பட்டாலும் அந்தத் தொட்டியை வாரக்கணக்கில் காலி செய்யவில்லை என்று அர்த்தம். புளித்த பால் வாடை வந்தாலும் அதேதான். பந்துகள் 6 முதல் 8 சென்டிமீட்டர் விட்டம் இருந்தால் சரி. நாலரை சென்டிமீட்டருக்குக் குறைந்தவை 3 வயதுக்குட்பட்டவர்களின் தொண்டையை அடைக்கக்கூடிய அளவு. நசுங்கி விரிசல் விட்ட பந்தின் ஓரம் கையைக் கிழிக்கும், எடுத்து ஊழியரிடம் கொடுங்கள். ஆழம் மகளின் இடுப்புக்கு மேல் போகக் கூடாது. மகனுக்கு ஒரே சட்டம்: மேலிருந்து குதிக்கக் கூடாது. பந்துக்கு அடியில் இன்னொரு குழந்தை உட்கார்ந்திருப்பது வெளியே தெரியாது.

சறுக்குமரத்தில் பெற்றோர் பாசத்தோடு செய்கிற தப்பு ஒன்று உண்டு. சின்னவள் பயப்படுகிறாள் என்று மடியில் உட்கார வைத்துக்கொண்டு அம்மாவோ அப்பாவோ சேர்ந்து சறுக்குவார்கள். குழந்தையின் கால் பக்கச் சுவரிலோ பரப்பிலோ உரசி நின்றுவிடும், பெரியவரின் எடை நிற்காமல் கீழே போகும், நடுவில் முழங்காலுக்குக் கீழ் எலும்பு முறுக்கிக்கொண்டு விரியும். குழந்தை தனியாகச் சறுக்கினால் கால் சிக்கினாலும் அதன் சொந்த எடைதான், பெரிதாக ஒன்றும் ஆகாது. தனியாக வர மனமில்லை என்றால் அன்றைக்குச் சறுக்குமரம் வேண்டாம். அடிப்பாகத்தில் ரப்பர் புள்ளி வைத்த சாக்ஸ் தரையில் நல்லது, சறுக்குமரத்தில் பிடித்து நிறுத்தும். "காலைத் தூக்கி வெச்சுக்கோ" என்று இரண்டு முறை சொல்லிக் கொடுத்தால் பழகிவிடும்.

டிராம்போலின் மகளுக்கு வேண்டாம். 6 வயதுக்குட்பட்டவர்களை அதில் விடக் கூடாது என்பது அமெரிக்க எலும்பு அறுவை மருத்துவர்கள் அகாதெமியின் நிலைப்பாடு. காரணம் எளிது. எடை கூடியவன் குதித்து இறங்கும்போது துணி கீழே போய்த் திரும்ப மேலே எழும். அந்த நேரம் பார்த்து எடை குறைந்தவள் கீழே வந்தால், கல்தரையில் விழுந்த மாதிரி அடி முழுவதும் அவள் காலில் ஏறும். அண்ணனும் தங்கையும் கைகோத்துக் குதிப்பது படத்துக்கு அழகு, எலும்புக்கு ஆகாது. மகன் குதிக்கலாம், ஒரு சதுரத்தில் அவன் ஒருவனாக மட்டும், குட்டிக்கரணம் போடாமல்.

உடுப்பில் நம் வீடுகளுக்கே உரிய சங்கதி நகை. கழுத்துச் செயின், தாயத்துக் கயிறு இரண்டையும் வீட்டிலேயே கழற்றிவிடுங்கள். ஏணியின் கொக்கியிலோ வலையிலோ மாட்டினால் கழுத்தை இறுக்கும். கொலுசு வலைக்கண்ணில் சிக்கிக் காலைப் பிடிக்கும். வளையல் கையைக் கிழிக்கும். அரைஞாண் கயிறு சட்டைக்குள் அடங்கியிருந்தால் போதும். கம்மலின் திருகாணி இறுகியிருக்கிறதா என்று பாருங்கள், பந்துத் தொட்டிக்குள் விழுந்த கம்மல் விழுந்ததுதான். தொப்பிக் கயிறு வைத்த ஜாக்கெட், துப்பட்டா, தரையில் புரளும் பாவாடை எல்லாம் வேண்டாம். முழு நீள லெகின்ஸ் அல்லது டிராக் பேன்ட் நல்லது, பிளாஸ்டிக் சறுக்குமரத்தில் முட்டி உரசிச் சிராய்ப்பு ஆகாது. ஆளுக்கு ஒரு மாற்று டி-சர்ட் எடுத்துக்கொள்ளுங்கள். வியர்வையில் நனைந்த சட்டையோடு ஏசிக்கு நேரே உட்கார்ந்தால் குழந்தை நடுங்கும்.

மேசையைத் தேர்ந்தெடுக்கும்போது சோபாவின் சொகுசு, ஜன்னல் ஓரம் எதையும் பார்க்காதீர்கள். பொடிசுகள் பகுதியின் கதவு தெரிய வேண்டும், அதற்கும் உங்களுக்கும் நடுவில் தூண் இருக்கக் கூடாது. இருவரும் எதிரெதிரே உட்காராமல் ஒரே பக்கம் உட்காருங்கள். ஆளுக்கு ஒரு குழந்தை என்று வாய்விட்டுப் பேசிப் பிரித்துக்கொள்ளுங்கள். "நீ பார்த்துக்கிட்டு இருப்பேன்னு நினைச்சேன்" என்று இருவருமே சொல்கிற நிலைமை அப்போதுதான் வராது. அரை மணிக்கு ஒருமுறை மாற்றிக்கொண்டால், சின்னவளோடு தரையில் உட்கார்ந்தவருக்கும் காபி கிடைக்கும். ஊழியர்கள் இருப்பது விளையாட்டுச் சாமானைப் பார்த்துக்கொள்ள, உங்கள் குழந்தையை அல்ல. நுழைவில் "எங்களுக்குப் பொறுப்பில்லை" என்ற தாளில் கையெழுத்து வாங்குவார்கள். படித்துவிட்டுப் போடுங்கள். அதனால் மட்டும் அவர்களின் அலட்சியத்தைப் பற்றிப் புகார் செய்யும் உரிமை உங்களுக்குப் போய்விடாது.

இந்த மாதிரி இடங்களில் விளையாட்டுச் சாமானுக்கு இணையான ஆபத்து மேசை மேல் இருக்கும் காபி. 60 டிகிரி சூட்டில் உள்ள திரவம் பெரியவர் தோலையே சில விநாடிகளில் வெந்துபோகச் செய்யும், குழந்தையின் தோல் இன்னும் மெல்லியது. சின்னவள் ஓடி வந்து மேசைத் துணியைப் பிடித்து இழுப்பாள், இல்லை உங்கள் மடியில் தாவுவாள். துணியை மடித்துக் கொடுத்து எடுத்துப்போகச் சொல்லுங்கள். கோப்பையை ஓரத்திலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். குழந்தை மடியில் இருக்கும்போது சூடாக எதுவும் கையில் வேண்டாம். அன்றைக்கு மட்டும் கோல்டு காபி குடித்தால் பாதிக் கவலை விட்டது. கொட்டிவிட்டால் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள், நனைந்த சட்டையைக் கழற்றுங்கள். ஐஸ், பற்பசை, பேனா மை, தோசை மாவு எதுவும் கூடாது. முகம், கை, பிறப்புறுப்பு என்றாலோ குழந்தையின் உள்ளங்கையைவிடப் பெரிய இடம் என்றாலோ நேரே மருத்துவமனை.

சாப்பாட்டை, பசிக்கிறது என்ற பிறகு சொல்லாதீர்கள். பாஸ்தா, பீட்சா மாதிரி உணவு மேசைக்கு வர 20 முதல் 25 நிமிடம் ஆகும், ஞாயிறு என்றால் இன்னும் கூட. பதினொன்றரைக்கே ஆர்டர் கொடுத்து, "பன்னிரண்டுக்குக் கொண்டுவாங்க" என்று சொல்லுங்கள். "காரம் வேண்டாம்" என்றால் மிளகாயை மட்டும் விட்டுவிட்டு மிளகையும் சில்லி ஃபிளேக்ஸையும் தூவிக் கொண்டுவருவார்கள். மூன்றையும் பெயர் சொல்லி வேண்டாம் என்று சொல்ல வேண்டும். சைவம் சாப்பிடுகிறவர்கள் ஃப்ரைஸும் சிக்கன் நகெட்ஸும் ஒரே எண்ணெயிலா பொரிக்கிறீர்கள் என்று கேளுங்கள். பல சின்ன அடுப்படிகளில் ஒரு ஃபிரையர்தான் இருக்கும். முட்டை, பால், வேர்க்கடலை, முந்திரி ஒவ்வாமை இருந்தால் பரிமாறுபவரிடம் சொல்வது போதாது, சமைப்பவரிடம் கேட்டுவரச் சொல்லுங்கள். 10 அல்லது அதற்கு மேற்பட்ட கிளைகள் உள்ள சங்கிலிக் கடைகள் ஒவ்வாமை விவரத்தைக் காட்ட வேண்டும் என்ற விதி 2022 ஜூலையிலிருந்து உண்டு. தனிக் கடைகளில் வாயால் கேட்பதுதான் வழி.

மில்க் ஷேக் ஒரு கிளாஸே பெரிதாக இருக்கும், உள்ளே ஐஸ்கிரீமும் சிரப்பும். ஒன்று வாங்கி, இன்னொரு டம்ளர் கேட்டு, இருவருக்கும் பங்கிட்டாலே அதிகம். மேலே அலங்காரத்துக்கு வைக்கும் மார்ஷ்மெல்லோ, ஜெம்ஸ் மிட்டாயை மகளுக்குக் கொடுக்காதீர்கள். பாப்கார்ன், முழுத் திராட்சை, கடலை, வட்டமாக நறுக்கிய சாசேஜ் எல்லாம் மூச்சுக்குழாயில் அப்படியே போய் உட்காரும் வடிவம். திராட்சையையும் சாசேஜையும் நீளவாக்கில் நாலாகப் பிளந்தால் கொடுக்கலாம். வாயில் எதையும் வைத்துக்கொண்டு திரும்ப ஓடக் கூடாது. விழுங்கி, தண்ணீர் குடித்து, வாயைத் திறந்து காட்டிய பிறகுதான் இறங்க வேண்டும். ஹை சேரில் இடுப்பு வார் இருக்கிறதா என்று பாருங்கள். பாதிக் கடைகளில் கொக்கி உடைந்திருக்கும். சாப்பிட்ட உடனே குதிக்க விட்டால், சாப்பிட்டது பந்துத் தொட்டிக்குத்தான் போகும். பதினைந்து நிமிடம் கலர் பென்சிலோடு உட்கார வையுங்கள்.

கழிப்பறை: விளையாட்டு மும்முரத்தில் பிள்ளைகள் அடக்கிக்கொள்வார்கள். முக்கால் மணிக்கு ஒருமுறை, கேட்காமலே, "வா போயிட்டு வரலாம்" என்று கூட்டிப்போங்கள். மகளுக்கு டயப்பர் விட்டுவிட்டாலும் அன்றைக்கு ஒன்று பையில் இருக்கட்டும், இரண்டு ஜட்டியும் ஒரு பேன்ட்டும்கூட. தொட்டிக்குள் ஈரமாகிவிட்டால் சத்தமில்லாமல் வெளியே வந்துவிடாதீர்கள். ஊழியரைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். அவர்களுக்கு இது புதிதில்லை. சொல்லாவிட்டால் அடுத்த குழந்தை அதில் புரளும்.

சானிடைசர் போதும் என்ற நினைப்பு கோவிட் காலத்து மிச்சம். வாந்தி, பேதி தரும் நோரோ வைரஸும், கை-கால்-வாய் நோயைத் தரும் வைரஸ்களும் ஆல்கஹாலுக்கு எளிதில் அசையாது. சோப்பும் ஓடும் தண்ணீரும்தான் வேண்டும்: சாப்பிடும் முன், கழிப்பறைக்குப் பின், கிளம்பும்போது. கை-கால்-வாய் நோய் தொற்றிய பின் வெளியே தெரிய பொதுவாக 3 முதல் 6 நாள் ஆகும். ஆகவே வீட்டில் கைக்குழந்தை இருந்தாலோ அந்த வாரம் ஊர்ப் பயணம் இருந்தாலோ யோசித்துப் போங்கள். உங்கள் பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டு ஒரு நாள் ஆகவில்லை, வாந்தி நின்று இரண்டு நாள் ஆகவில்லை என்றால் ஞாயிற்றுக்கிழமையை ரத்து செய்யுங்கள். பணம் கட்டி புக் செய்திருந்தாலும்தான்.

முற்றத்து கஃபேக்கு என்றாவது போனால், மணல்குழியை இரவில் மூடி வைக்கிறார்களா என்று கேளுங்கள். மூடாவிட்டால் அது தெருப் பூனைகளின் கழிப்பறை. அலங்காரத் தாமரைத் தொட்டி கணுக்கால் ஆழம்தான் என்றாலும் சின்னக் குழந்தைக்கு அதுவே மூழ்கப் போதும். டெங்கு கொசு பகலில் கடிப்பது, முழுக்கை சட்டை போடுங்கள். எலுமிச்சை யூகலிப்டஸ் எண்ணெய் சேர்த்த கொசு விரட்டியை 3 வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தடவக் கூடாது.

தலையில் இடித்துக்கொண்டால் உடனே அழுதுவிட்டு, ஐந்து பத்து நிமிடத்தில் பழையபடி ஆகிவிட்டால் பெரும்பாலும் பயமில்லை, ஆனால் ஒரு நாள் முழுக்கக் கண்ணில் வையுங்கள். நினைவு தப்பியது, திரும்பத் திரும்ப வாந்தி, எழுப்பினால் எழாத தூக்கம், நடை தள்ளாட்டம் என்று எது இருந்தாலும் 108.

இனி கிளம்புவது. பலருக்கு அன்றைய நாள் கெடுவது இந்த இடத்தில்தான். "இன்னும் பத்து நிமிஷம்" என்றால் மகனுக்கு ஓரளவு புரியும், மகளுக்குப் புரியாது. அவளுக்கு எண்ணிக்கையாகச் சொல்லுங்கள்: "இன்னும் மூணு தடவை சறுக்கு, அப்புறம் செருப்பு." ஒவ்வொன்றையும் சத்தமாக எண்ணுங்கள், நாலாவது கிடையாது. பில்லை அதற்கு முன்பே கட்டி முடித்திருக்க வேண்டும். எல்லோரும் செருப்பு போட்டுக்கொண்டு நின்ற பிறகு கார்டு மெஷினுக்கு சிக்னல் கிடைக்காமல் நிற்பதுதான் அழுகைக்கு நேரம். "நாளைக்கு வரலாம்" என்று பொய் சொல்லாதீர்கள், மறுநாள் காலை சாக்ஸை எடுத்துக்கொண்டு வந்து நிற்பாள். கேக் கண்ணாடிப் பெட்டியும் பொம்மை அலமாரியும் வாசலுக்குப் போகிற வழியில்தான் வைத்திருப்பார்கள். மகளைத் தோளில் தூக்கி, முகம் உங்கள் முதுகுப் பக்கம் பார்க்கிற மாதிரி வைத்துக்கொண்டு கடந்துவிடுங்கள். கழற்றிய சாக்ஸைத் தனிக் கவரில் போட்டுக் கட்டி, வீட்டுக்கு வந்ததும் நேரே வாஷிங் மெஷினில் போடுங்கள்.